ஒத்திகைக் கூடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நாங்க எல்லாரும் ஒரே குடும்பம், இங்க அத்துமீறலெல்லாம் நடக்காது" என்று பெருமையாகச் சொல்லும் நாடகக் குழுக்களில்தான் பெரும்பாலும் புகார் சொல்ல வழியே இருப்பதில்லை. வழி இருந்தாலும், புகாரைக் கேட்பவர் இயக்குநர் ஒருவர்தான். அடுத்த நாடகத்தில் யாருக்கு என்ன வேடம் என்று முடிவு செய்பவரும் அவரே. அப்புறம் யார் வாய் திறப்பார்கள்? சிகாகோ நாடகக் குழுக்கள் 2017-இல் வெளியிட்ட 'சிகாகோ தியேட்டர் ஸ்டாண்டர்ட்ஸ்' என்ற நடத்தை வழிகாட்டி முறையீட்டுக்குப் படிப்படியான பாதை வகுத்தது. நடிகர்கள் சார்பில் பேச ஒரு பிரதிநிதியையும் சேர்த்தது. சிறிய குழுவுக்கும் புகார் கேட்கக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், ஒருவர் அந்தத் தயாரிப்புக்கு வெளியே இருப்பவர். பெயர், தொலைபேசி எண், எத்தனை நாளில் பதில் வரும் என்பதெல்லாம் முதல் வாசிப்பு நாளிலேயே ஒத்திகை அட்டவணையோடு கைக்கு வந்துவிட வேண்டும்.

நெருக்கமான காட்சிகளில் நடக்கும் தவறு வேறு மாதிரி. எல்லோர் முன்னிலையிலும் "உனக்கு ஓகேதானே?" என்று கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முத்தமோ உடை களைவதோ உண்டென்றால் நடிகர் தேர்வு அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். எங்கே தொடக்கூடாது என்பதை ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். பிறகு சண்டைக் காட்சியைப் போலவே அசைவு அசைவாக அமையுங்கள்: வலது கை, தோளின் வெளிப்பக்கம், நான்கு எண்ணிக்கை, கையை எடு. மேடை மேலாளர் அதைப் பிரதியில் குறித்துக்கொண்டால், 'அந்த நேரத்து உணர்ச்சியில் செய்துவிட்டேன்' என்ற சாக்குக்கு இடமில்லை. நேற்றுச் சம்மதித்தவர் இன்று மறுக்கலாம். அதற்காக நெற்றியோடு நெற்றி சேர்ப்பது போன்ற மாற்று அசைவு ஒன்றையும் ஒத்திகை பார்த்து வைத்திருங்கள். நடன வகுப்பிலும் இப்படித்தான், "முழங்கையைத் தூக்கிவிடட்டுமா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே கை வையுங்கள்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தைப் பார்வையாளர் வாசலில் கட்டிவிட்டு மேடைக்குப் பின்னால் படிகளை மட்டும் விட்டுவைப்பதும் அடிக்கடி நடக்கிறது. மாற்றுத்திறனாளி என்றால் பார்க்க வருபவர்தான், ஆட வருபவர் அல்ல என்ற எண்ணம்தான் காரணம். சரிவு 1:12-க்கு (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. 60 செ.மீ. உயர மேடைக்கே 7.2 மீட்டர் நீளம் வேண்டும். அந்த இடத்தை அரங்க வரைபடத்திலேயே ஒதுக்காவிட்டால், கடைசி நாளில் குட்டையான பலகை ஒன்றைச் சாய்த்துப் போடுவார்கள். நாற்காலி பின்னோக்கி உருளும்.

நொடிக்கு 3 முறைக்கு மேல் வெட்டி மின்னும் விளக்குகள் சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம். எச்சரிக்கையை வாசலில் ஒட்டினால் டிக்கெட் வாங்கி வந்தவர் என்ன செய்வார்? டிக்கெட் விற்கும் இடத்திலேயே சொல்லுங்கள். எந்தக் காட்சி, எத்தனை நொடி என்பதையும் சேர்த்து.

ஒலியைக் குறைத்து, அரங்க விளக்கை முழுதும் அணைக்காமல், நடுவில் எழுந்து போய்வரலாம் என்ற ஏற்பாட்டோடு நடத்தும் காட்சிகள் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நல்ல உதவி. ஆனால் வாசலில் நிற்கும் அரங்க ஊழியர்களுக்கு முன்கூட்டியே விளக்காவிட்டால், எழுந்த குழந்தையை அவர்களே அதட்டி உட்கார வைத்துவிடுவார்கள்.