ஜீனோம் ரிசல்ட் வந்த உடனே அம்புக்குறி போடாதீங்க

எட்டாத ஊர்கள்ல நோய் எப்படி பரவுதுன்னு பாக்டீரியா ஜீனோமை (அதோட முழு டிஎன்ஏ எழுத்து வரிசையை) வச்சு பாக்கறவங்க அதிகமா சறுக்கற இடம் ஒண்ணு இருக்கு. ரெண்டு பேர்கிட்ட எடுத்த கிருமி ஒரே மாதிரி இருந்தா போதும், "இவர்தான் அவருக்குக் குடுத்தார்"னு முடிவு கட்டி ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு அம்புக்குறி போட்டுடுவாங்க. டிபி கிருமிக்கு ஏறக்குறைய 44 லட்சம் எழுத்து ஜீனோம், அதுல வருஷத்துக்கு அரை எழுத்து மாறினாலே பெருசு, அப்புறம் ஒரே வருஷத்துல ஊர்ல பத்து பேருக்கு வந்தா பத்தும் அச்சு அசலா ஒண்ணா இருக்கத்தானே செய்யும், அதுல யார் முதல்லன்னு எங்கேருந்து தெரியும்? யாருக்கு எப்போ இருமல் ஆரம்பிச்சுது, யார் யார் வீட்டுக்குப் போனாங்கன்னு நர்ஸ் எழுதி வச்ச நோட்டுதான் அதைச் சொல்லும்.

ரெண்டு டிபி கிருமிக்கு நடுவுல 5 ஸ்னிப்புக்குள்ள (ஸ்னிப்னா ஒரு எழுத்து வித்தியாசம்) இருந்தா சமீபத்துல பரவினது, 12ஐத் தாண்டினா இல்லைன்னு ஒரு கட்-ஆஃப் சொல்வாங்க, அது 2013ல இங்கிலாந்து கேஸ்களை வச்சு வந்தது. கனடாவுல நுனாவிக் மாதிரி, ஒரே வம்சத்து டிபி பல தலைமுறையா சுத்திட்டிருக்கற சின்ன ஊர்ல அதை அப்படியே போட்டா யாரைப் பார்த்தாலும் க்ளஸ்டர்தான் (ஒருத்தருக்கொருத்தர் பரவின கூட்டம்னுதான்) வரும். தொண்டையிலயும் தோல் புண்லயும் வர்ற ஸ்ட்ரெப் ஏ பாக்டீரியாவுக்குப் போட்டா இன்னும் மோசம், அது வேற ஸ்ட்ரெயின்கிட்டேருந்து (வேற கிளை வகைகிட்டேருந்து) டிஎன்ஏ துண்டை அப்படியே வாங்கிக்கும், ஒரே தடவையில நூறு ஸ்னிப் கூடிடும். கபின்ஸ் மாதிரி சாஃப்ட்வேர் டூல் வச்சு அப்படி வாங்கின பகுதியை நீக்கிட்டு மிச்சத்தை எண்ணுங்க.

சாம்பிள் விஷயம். வட ஆஸ்திரேலியாவோட பழங்குடி சமூகங்கள்ல ஸ்ட்ரெப் ஏ தொண்டையை விட தோல் புண்லதான் ஜாஸ்தி, பல எம் டைப்பும் (ஸ்ட்ரெப் ஏ-வோட உள்வகைகள்) ஒரே நேரத்துல சுத்தும். நகரத்துப் பழக்கத்துல தொண்டை ஸ்வாப் மட்டும் எடுத்துட்டுப் போனா பாதிப் படம் காணாம போயிடும். கிருமியை வளர்க்கற ப்ளேட்லேருந்து ஒரே காலனியை (ஒரு கிருமி பெருகி வந்த புள்ளியை) எடுத்து சீக்வன்ஸ் பண்றதும் இந்த ரகம்தான், ஒரே புண்ல ரெண்டு ஸ்ட்ரெயின் இருந்தா ஒண்ணு தப்பிச்சுடும், அப்புறம் ட்ரீல (கிருமிகளோட உறவைக் காட்டற மரப்படத்துல) அந்த லிங்க்கே இருக்காது. பட்ஜெட் இடிக்கும்னு தெரியும், சில சாம்பிள்லயாவது நாலஞ்சு காலனி எடுங்க.

கடைசியா டேட்டாவை பப்ளிக்ல போடறது. சில நூறு பேர் இருக்கற ஊர்ல ஊர் பேர், வயசு, தேதி மூணும் இருந்தா பேரே வேண்டாம், அங்க எல்லாருக்கும் ஆள் தெரிஞ்சுடும். ஊருக்குப் பதிலா மண்டலம், தேதிக்குப் பதிலா வருஷம், வயசுக்குப் பதிலா வயசு வரம்புன்னு மாத்துங்க. அதையும் அப்லோடு பண்ணிட்டு இல்ல, சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடியே அந்த ஊர்க்காரங்களைக் கேட்டு முடிவு பண்ணுங்க.