ஆய்வாளரின் கட்டுரைக் கணக்கையும் மேற்கோள் கணக்கையும் பிழையில்லாமல் எடுப்பது எப்படி?

பிஎச்டி சேர நெறியாளர் தேடும்போது, ஒரு மூலக்கூறு உயிரியல் ஆய்வாளரின் பெயரைத் தட்டி, கூகுள் ஸ்காலர் காட்டும் எண்ணை அப்படியே குறித்துக்கொள்பவர்கள் நிறைய பேர். அந்த எண்ணுக்குள் அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரைகளும் கலந்திருக்கலாம். முதலில் பட்டியல், பிறகுதான் எண். கீழே உள்ள முறைக்கு ஒரு எக்செல் தாளும் இலவசத் தளங்களுமே போதும்.

படி 1: பெயரின் எல்லா வடிவங்களையும் பிடியுங்கள்

தமிழ்ப் பெயர்களில் பெரிய சிக்கலே இதுதான். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கந்தசாமி மகன் செந்தில்குமார் ஒரு ஜர்னலில் ‘செந்தில்குமார் கே’ என்று இருப்பார். கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை நிரப்பிய இடத்தில் ‘கந்தசாமி எஸ்’ ஆகிவிடுவார். பெயரைப் பிரித்து எழுதிய இடத்தில் ‘குமார் கேஎஸ்’. மூன்றையும் பப்மெட்டில் (மருத்துவ, உயிரியல் கட்டுரைகளுக்கான இலவசத் தேடுதளம்) ஆங்கில எழுத்தில் தனித்தனியாகத் தேடுங்கள். பெயரை ஒட்டிச் சதுர அடைப்புக்குள் ஏ, யூ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் ஆசிரியர் பெயரில் மட்டும் தேடும்.

ஆர்க்கிட் எண் இருந்தால் வேலை எளிது. 16 இலக்கம் கொண்ட இந்த அடையாள எண் 2012-இல்தான் வந்தது. பழைய கட்டுரைகளை ஆய்வாளரே சேர்த்திருந்தால்தான் அதில் இருக்கும். அதை மட்டும் நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

சந்தேகமான கட்டுரைக்கு மூன்றைப் பாருங்கள்: நிறுவனம், உடன் ஆசிரியர்கள், ஆய்வுப் பொருள். 2002-க்கு முந்தைய பதிவுகளில் பப்மெட் பெரும்பாலும் தலைப்பெழுத்தை மட்டுமே தரும். அப்போது கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து முழுப்பெயரைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

படி 2: தாளில் ஏற்றுங்கள்

பப்மெட்டில் ‘சேவ்’ அழுத்தி சிஎஸ்வி வடிவில் இறக்குங்கள். தலைப்பு, ஜர்னல், ஆண்டு, பப்மெட் எண், டிஓஐ (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளம்) எல்லாம் தனித்தனி நிரலில் வரும். பக்கத்திலேயே ஒரு நிரல் சேர்த்து ஆய்வுக் கட்டுரையா, மறுஆய்வா (பிறர் ஆய்வுகளைத் தொகுத்து அலசும் ரிவ்யூ), திருத்தக் குறிப்பா, திரும்பப் பெறப்பட்டதா என்று குறியுங்கள். ஜர்னலுக்கு முன்பே பயோஆர்க்கைவ் தளத்தில் ஏற்றிய முன்வரைவும் பிறகு ஜர்னலில் வந்த வடிவமும் ஒரே வேலை; ஒன்றாகவே எண்ணுங்கள்.

படி 3: ஆசிரியர் வரிசை

இந்தத் துறையில் பொதுவாக முதல் பெயர் பெஞ்சில் நின்று சோதனை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. 60 கட்டுரைகளில் 50-இல் நடுவில் இருப்பவரையும், 20 கட்டுரைகளில் 12-இல் கடைசியில் இருப்பவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ‘சம பங்களிப்பு’ என்ற அடிக்குறிப்பைத் தவறவிட்டால் இரண்டாவது பெயருக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

படி 4: மேற்கோள் எண்ணிக்கையும் எச்-இண்டெக்ஸும்

பப்மெட் எண்களை மொத்தமாக ஐசைட் தளத்தில் ஒட்டினால் ஒவ்வொரு கட்டுரைக்கும் மேற்கோள் எண்ணிக்கை கிடைக்கும். அதைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். தன் வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் பெற்ற கடைசிக் கட்டுரையின் வரிசை எண்தான் எச்-இண்டெக்ஸ். எடுத்துக்காட்டாக எட்டுக் கட்டுரைகள்:

48, 21, 12, 9, 6, 5, 2, 0

ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், ஐந்துக்குக் குறையவில்லை. ஆறாவதுக்கு 5, ஆறுக்குக் குறைவு. எனவே எச்-இண்டெக்ஸ் 5; மொத்தம் 103.

இப்போது ஐந்தாவது, ஆறாவது கட்டுரைகளில் தலா 2 மேற்கோள் அவரே தன் பிந்தைய கட்டுரைகளில் கொடுத்தவை என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 4, 3 ஆகும். மொத்தம் 99-க்குத்தான் இறங்குகிறது, எச்-இண்டெக்ஸோ 4 ஆகிவிடுகிறது. விளிம்பில் நிற்கும் கட்டுரைகளின் சுயமேற்கோளை மட்டுமாவது கையால் சரிபார்ப்பது இதனால்தான். பப்மெட் பக்கத்தின் கீழே, அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவற்றின் பட்டியலைத் திறந்து பெயரைத் தேடினால் போதும்.

கூகுள் ஸ்காலர் எண் வழக்கமாக இதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆய்வேடு, புத்தகம், முன்வரைவு எல்லாவற்றிலிருந்தும் அது மேற்கோள் எடுக்கிறது. ஒருவருக்கு ஸ்காலர் எண்ணையும் இன்னொருவருக்கு ஸ்கோபஸ் என்ற வேறொரு தளத்தின் எண்ணையும் வைத்து ஒப்பிடுவது தவறு.

படி 5: எண்ணைப் படிப்பது

இந்தத் துறையில் செய்முறைக் கட்டுரைகள்தான் மேற்கோளை அள்ளும். புரத அளவைக் கணக்கிட லோரி குழு 1951-இல் வெளியிட்ட கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றது. 1953-இல் வாட்சனும் கிரிக்கும் எழுதிய டிஎன்ஏ கட்டுரையோ, அதிகம் மேற்கோளானவை என்று நேச்சர் 2014-இல் வெளியிட்ட முதல் 100 கட்டுரைகளின் பட்டியலில் இடம்பெறவே இல்லை. மறுஆய்வுகளும் அதிகம் மேற்கோளாகும் வகைதான். அவற்றை விலக்கி இன்னொரு முறை எச்-இண்டெக்ஸ் போட்டுப் பாருங்கள்.

ஐசைட் தரும் ஆர்சிஆர் (ஒப்பீட்டு மேற்கோள் விகிதம்) இளம் ஆய்வாளர்களுக்கு நியாயமான அளவு. துறையையும் ஆண்டையும் கணக்கில் எடுத்து, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச்சிடம் நிதிபெற்ற கட்டுரைகளின் இடைநிலையை 1.0 என்று வைக்கிறது. ஜர்னலின் தாக்கக் காரணியை ஒரு தனிக் கட்டுரையின் தரமாக எழுதாதீர்கள். அது ஜர்னல் கட்டுரைகளின் சராசரி மேற்கோள், ஒருசில கட்டுரைகளே அதைத் தூக்கிவிடும்.

தாளின் மேல் வரியில் எண், தளம், எடுத்த தேதி, சுயமேற்கோள் கழித்ததா இல்லையா என்ற நான்கையும் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எண் மாறியிருக்கும். ஏன் மாறியது என்று அந்த வரியை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.