ஊட்டச்சத்துச் செயலி: சந்தாத் தொகையைப் பார்ப்பதற்கு முன்

குறைந்த செலவில் அன்றாட உணவின் ஊட்டச்சத்தைக் கணக்கிட ஒரு செயலி வேண்டும் என்று தேடுபவர்களில் பலர் சந்தாத் தொகையையும் பிளே ஸ்டோரில் அதற்குக் கிடைத்திருக்கும் நட்சத்திரங்களையும் மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். செயலிக்குள் இருக்கும் உணவுப் பட்டியல் எப்படிப்பட்டது என்பதை இவ்விரண்டும் காட்டுவதில்லை. அந்தப் பட்டியல் பழுதாக இருந்தால், இலவசமாகக் கிடைத்த செயலியும் வீண்தான்.

மைஃபிட்னஸ்பால், ஃபேட்சீக்ரெட் போன்ற செயலிகளில் உள்ள பதிவுகளில் பெரும்பகுதி பயனர்களே சேர்த்தவை. ஆகவே ஒரே இட்லிக்குப் பல பதிவுகள் வரும். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கலோரி அளவு இருக்கும். குரோனோமீட்டர் ஆய்வகத் தரவுகளைப் பெரிதும் நம்புவதால் துல்லியமானது. ஆனால் நம் வீட்டுச் சமையல் அதில் குறைவு. பெங்களூரில் தொடங்கிய ஹெல்திஃபைமீ இந்திய உணவுகளை முன்வைத்தே வளர்ந்தது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையில் 528 உணவுகள் உள்ளன என்றாலும், அவை பெரும்பாலும் சமைக்காத பொருள்களே. வத்தக்குழம்புக்கு எந்தச் செயலி ஓர் எண்ணைக் காட்டினாலும், அது யாரோ ஒருவருடைய செய்முறைக்கான எண்தான். எனவே நம் வீட்டுச் செய்முறையை எண்ணெய், பருப்பு, புளி என்று அளவோடு எழுதிச் சேமித்துவைக்கும் வசதி இலவசப் பதிப்பிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது, வேறெந்த வசதியைப் பார்ப்பதையும்விட முக்கியம் என்பேன்.

அரிசியில் நேரும் பிழை இன்னும் பெரியது. 100 கிராம் பச்சை அரிசியில், அதாவது வேகவைக்காத அரிசியில், ஏறக்குறைய 350 கலோரி உண்டு. அதே எடையுள்ள சோற்றில், தண்ணீர் சேர்ந்துவிடுவதால், 130 கலோரி அளவுக்குத்தான் இருக்கும். தட்டில் உள்ள 200 கிராம் சோற்றை எடைபோட்டுவிட்டு, பட்டியலில் வெறுமனே ‘அரிசி’ என்றிருக்கும் பதிவைத் தொட்டால், 260 கலோரி கணக்கில் 700 ஆகிவிடும். சமைத்தது, சமைக்காதது என்று பிரித்துக் காட்டாத செயலியையும், கிராமில் பதிய இடம் தராமல் ‘ஒரு கிண்ணம்’ என்று மட்டும் கேட்கும் செயலியையும் ஒதுக்கிவிடலாம்.

தட்டைப் படம் எடுத்தால் போதும், கணக்கு தானாக வந்துவிடும் என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் பணம் கட்டுவதும் வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி அளவுக்கு உண்டு. உருளைக்கிழங்கு வறுவலில் ஊறிப்போன எண்ணெய் ஒரு கரண்டியா மூன்று கரண்டியா என்பது படத்தில் தெரியாது, சமைத்தவருக்குத்தான் தெரியும்.

நோய்க்காகக் கணக்கு வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய பிழை ஒன்று உண்டு. பயனர் சேர்த்த பதிவுகளில் பொட்டாசியம், பாஸ்பரஸ் போன்றவை நிரப்பப்படாமலே விடப்படுவது வழக்கம். நாளின் கூட்டுத்தொகையில் அந்த வெற்றிடம் பூஜ்யமாகவே சேரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் அந்தக் குறைந்த எண்ணை நம்பிச் சாப்பிட்டால் ஆபத்து. அவர்களுக்கு உணவியல் நிபுணர் எழுதித் தரும் அட்டவணையே அடிப்படையாக இருக்க வேண்டும்.

இனிப் பணம். திரையில் பெரிய எழுத்தில் தெரியும் மாதத் தொகை, பல செயலிகளில் ஆண்டுச் சந்தாவைப் பன்னிரண்டால் வகுத்துக் காட்டியதுதான். பொத்தானை அழுத்தினால் முழு ஆண்டுத் தொகையும் ஒரே தவணையில் போய்விடும். இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் யுபிஐ ஆட்டோபே வழியாகப் பணம் எடுக்கப்படுவதும், செயலியை ஃபோனிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று நினைத்துக்கொள்வதும் பரவலாக நடப்பவை. செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதியில் அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். செயலியின் இணையதளத்தில் பணம் கட்டியிருந்தால் அங்கேயும், யுபிஐ செயலியின் ஆட்டோபே பட்டியலிலும் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி இப்படித் தானாகப் பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வரும். விளம்பரக் குறுஞ்செய்திகளோடு சேர்த்து அதையும் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

இன்றைய இலவச வசதி அப்படியே நீடிக்கும் என்று எண்ணுவதும் சரியல்ல. மைஃபிட்னஸ்பால் பல ஆண்டுகள் இலவசமாக அளித்துவந்த பார்கோடு வருடும் வசதியை 2022 அக்டோபரில் கட்டணப் பதிப்புக்கு மாற்றியது. அதே செயலியில் 2018இல் சுமார் 15 கோடிக் கணக்குகளின் விவரங்கள் திருடப்பட்டதால், வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வைப்பதும், தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டால் மறுப்பதும் நல்லது. பதிந்த கணக்கையெல்லாம் ஒரு கோப்பாக வெளியே எடுக்க முடியுமா, அதற்கும் தனிக் கட்டணமா என்பதை முதல் வாரத்திலேயே சோதித்துப் பார்த்துவிடுங்கள். ஓராண்டுப் பதிவு சேர்ந்த பிறகு பார்த்தால், அந்தக் கோப்புக்காகவே சந்தாவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.