ஆட்டுக்குட்டிக்குச் சொறி: வைத்தியத்தில் நடக்கும் தவறுகள்

ஆட்டுக்குட்டியைச் சொறி ஓரிரவில் கொன்றுவிடாது. சொறிக்கென்று பூசும் கண்ட மருந்து கொன்றுவிடும். காது மடலில் முடி கொட்டி, தோல் தடித்து, குட்டி கொட்டில் தூணில் உரசிக்கொண்டே நிற்பதைப் பார்த்தால் வளர்ப்பவருக்குப் பதற்றம் வருவது இயல்புதான். பொழுது சாய்வதற்குள் எதையாவது தடவிவிட வேண்டும் என்று தோன்றும். கைக்குக் கிடைப்பது வயலுக்கு அடித்து மிச்சமிருந்த பூச்சிமருந்தாகவோ, மெக்கானிக் கடையில் வாங்கிவந்த கழிவு ஆயிலாகவோ இருக்கும். தோல் நோய்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று நாள் அவகாசம் தருகின்றன. அந்த அவகாசத்தில் குட்டியை நன்றாகப் பார்த்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

பார்க்காமலே மருந்து தேடுவது

முடி கொட்டினால் சொறி என்று முடிவு கட்டிவிடுகிறோம். குட்டியின் உடம்பில் முடி கொட்டக் காரணம் பல. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. சிலவற்றுக்கு மருந்தே வேண்டியதில்லை.

குட்டியை வெயிலில் நிறுத்தி முதுகிலும் கழுத்திலும் முடியை இரு கையாலும் பிரித்துப் பாருங்கள். கன்னி ஆடு, சேலம் கருப்பு போன்ற கறுப்பு இனங்களில் இது எளிது. பேன் இருந்தால் முடியின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஈர் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் நகராது. தள்ளியதும் உதிர்ந்தால் அது வெறும் பொடுகு. வெள்ளை ஆடுகளில் ஈர் கண்ணுக்குச் சிக்காது, ஊர்ந்து போகும் பேனைத்தான் பிடிக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் குட்டிகள் குளிருக்கு ஒன்றோடொன்று ஒட்டிப் படுப்பதால் பேன் ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பரவிவிடும்.

உண்மையான சொறி தோலுக்குள் குடையும் சிற்றுண்ணியால் வருவது. பெரும்பாலும் முகம், காது, கண்ணைச் சுற்றித் தொடங்கும். அரிப்பு தாங்காமல் குட்டி பால் குடிப்பதைக்கூட விட்டுவிட்டுச் சொறிந்துகொள்ளும். தோல் மடிப்பு மடிப்பாகத் தடித்துச் சாம்பல் பூத்தது போல் ஆகும். படர்தாமரை அப்படியல்ல. வட்டம் வட்டமாக முடி உதிர்ந்து, மேலே சாம்பல் நிறப் பக்கு இருக்கும்; அரிப்பு குறைவு. அது பூஞ்சைத் தொற்று. சிற்றுண்ணிக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை எத்தனை முறை போட்டாலும் படர்தாமரை அசையாது. மழைக்காலத்தில் முடிக்கற்றைகள் தூரிகை நுனி போல ஒட்டிக்கொண்டு, பிடித்து இழுத்தால் பக்கோடு பெயர்ந்து வருவது பாக்டீரியாவின் வேலை. அதற்குக் கால்நடை மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் வேண்டும். கொட்டிலில் ஈரம் போக வேண்டும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. வாலடியிலும் பின்தொடையிலும் மட்டும் முடி கொட்டியிருந்தால் முதலில் சாணியைப் பாருங்கள். கழிச்சல் போகும் குட்டிக்கு அந்த இடம் எப்போதும் நனைந்து, வெந்து, முடி உதிரும். புட்டியில் பால் குடிக்கும் குட்டிக்கு வாயைச் சுற்றி வழியும் பாலாலும் அப்படி ஆகும். இங்கே களிம்பு பூசிப் பயனில்லை. கழிச்சலை நிறுத்த வேண்டும், வாயைத் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். உடம்பு முழுக்க முடி சொரசொரப்பாக நின்று குட்டி மெலிந்திருந்தால், கீழ் இமையைத் திருப்பிப் பாருங்கள். வெளுத்திருந்தால் வயிற்றுப் புழுவோ, இரத்தம் குடிக்கும் பேனோ, தெள்ளுப்பூச்சியோ இரத்தத்தைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் தோலுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது வீண்.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாதபோது தோலைச் சுரண்டிப் பரிசோதிக்கும் வழி இருக்கிறது. புண்ணின் நடுவில் சுரண்டக் கூடாது. புண்ணும் நல்ல தோலும் சேரும் ஓரத்தில், லேசாக இரத்தம் கசியும் வரை சுரண்டி எடுத்தால்தான் சிற்றுண்ணி சிக்கும். மருந்து பூசிய பிறகு கொண்டுபோனால் ஒன்றும் தெரியாது. ‘நாங்களே ஏதோ தடவிப் பார்த்தோம், கேட்கவில்லை’ என்று ஒரு வாரம் கழித்து வருபவர்கள்தான் அதிகம்.

பூச்சிமருந்தும் கழிவு ஆயிலும்

பயிருக்கு அடிக்கும் குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகளைத் தண்ணீரில் கலந்து ஆட்டின் மேல் தெளிப்பதுதான் இருக்கும் தவறுகளிலேயே பெரியது. உண்ணியும் பேனும் செத்து விழும் என்பது உண்மைதான். அதே மருந்து குட்டியின் தோல் வழியாக உள்ளே போகிறது, குட்டி நக்கும்போது வாய் வழியாகவும் போகிறது. குட்டியின் தோல் மெல்லியது; எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு பெரியது. பெரிய ஆடு தாங்குவதைக் குட்டி தாங்காது. வாயில் எச்சில் ஒழுகுதல், உடம்பு நடுங்குதல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், மூச்சு வாங்குதல் ஆகியவை நஞ்சின் அறிகுறிகள். அப்படி நடந்தால் கையுறை போட்டுக்கொண்டு சோப்பு நீரால் குட்டியைக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நஞ்சை முறிக்கும் மருந்து இருக்கிறது, நேரத்தில் போட்டால்தான் பலிக்கும். எந்த மருந்து தெளித்தோம் என்பதை மறைக்காதீர்கள்; காலி டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.

கழிவு ஆயில் பூசினால் சொறி அடங்குகிறதே என்பார்கள். சிற்றுண்ணிக்கு மூச்சு முட்டலாம், மறுக்கவில்லை. வண்டி இன்ஜினிலிருந்து வடித்த எண்ணெயில் உலோகத் துகளும் நச்சுப் பொருளும் இருக்கின்றன. குட்டி தன்னை நக்கும், தாய் குட்டியை நக்கும், பூசிய இடம் வெயிலில் வெந்துபோகும். மண்ணெண்ணெய்க்கும் இதே பதில்தான். பிறந்து சில நாள்களே ஆன குட்டியைத் தாய் பெரும்பாலும் வாசனையால்தான் அடையாளம் காண்கிறது. உடம்பு முழுக்க நெடியடிக்கும் எதையாவது பூசிவிட்டால், தாய் முகர்ந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளிவிடும். பிறகு சொறியை விட்டுவிட்டுப் பால் புட்டியோடு அலைய வேண்டும்.

வீட்டில் மனிதருக்கு வாங்கிய தோல் களிம்பும் ஆகாது. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். படர்தாமரைக்கு அதைப் பூசினால் இரண்டு நாள் சிவப்பு குறையும், பிறகு இரண்டு மடங்காகப் பரவும்.

வேப்பெண்ணெய், மஞ்சள், குப்பைமேனிச் சாறு போன்றவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். மேற்புண்ணுக்கும் பக்கு இளகுவதற்கும் அவை உதவும். தோலுக்குள் குடைந்து போன சிற்றுண்ணியை அவை மட்டுமே தீர்த்துவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். குட்டி வாயில் வேப்பெண்ணெயை ஊற்றும் வழக்கமும் வேண்டாம்.

இரண்டு சொட்டு ஊசி

சிற்றுண்ணிக்கு இன்று பரவலாகப் போடுவது ஐவர்மெக்டின். ஒரு சதவீத மருந்தில் ஒரு மில்லி 50 கிலோ எடைக்கான அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 கிலோ குட்டிக்கு 0.1 மில்லி, அதாவது ஏறக்குறைய இரண்டு சொட்டு. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 5 மில்லி சிரிஞ்சில் மிகச் சிறிய கோடே 0.2 மில்லிதான். அதில் 0.1 மில்லியை அளக்க முடியாது. ‘கொஞ்சமாக’ என்று கண்ணால் பார்த்து இழுத்தால் மூன்று நான்கு மடங்கு ஏறிவிடும். ஒரு மில்லி சிரிஞ்சு சில ரூபாய்தான், அதை வாங்குங்கள். எடையையும் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டாம். குட்டியைச் சாக்கில் போட்டுத் தொங்கு தராசில் மாட்டலாம்; இல்லையென்றால் அதைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளலாம். ஊசி தோலுக்கடியில் போடுவது, சதையில் அல்ல. சில வாரமே ஆன குட்டிக்குப் போடலாமா வேண்டாமா என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்த தவறு ஒரு ஊசியோடு நிறுத்திவிடுவது. சிற்றுண்ணியின் முட்டையையும் பேனின் ஈரையும் அது கொல்லாது. முட்டை பொரித்து வெளிவந்தவை மறுபடி முட்டையிடுவதற்குள், 10 முதல் 14 நாளில், இரண்டாவது முறை கொடுத்தாக வேண்டும். முற்றிய சொறிக்கு மூன்றாவது முறையும் தேவைப்படலாம். முதல் ஊசியிலேயே அரிப்பு குறைந்துவிடுவதால் பலருக்கு இரண்டாவது மறந்துபோகிறது. பிறகு மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டை. பேனிலும் இரண்டு வகை உண்டு. இரத்தம் உறிஞ்சும் பேனுக்கு இந்த ஊசி வேலை செய்யும். தோல் செதிலைக் கடித்துத் தின்னும் பேனுக்குச் சரியாகக் கேட்காது, அதற்கு மேலே தெளிக்கும் மருந்துதான்.

மாலையில் குளிப்பாட்டுவது

அமிட்ராஸ், டெல்டாமெத்ரின் போன்றவை கால்நடைகளுக்கென்றே விற்கும் தெளிப்பு மருந்துகள். லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி, 4 மில்லி என்ற கணக்கில் கலப்பவை. மூடியால் அளந்து ஊற்றுவது அளவு ஆகாது. டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து, குட்டிக்கு ஏற்றதா என்று கேட்டுக்கொண்டு கலக்க வேண்டும். மேய்ச்சல் முடிந்து ஆடுகள் வீடு திரும்பும் மாலைதான் வசதி என்று அப்போது குளிப்பாட்டுகிறார்கள். நனைந்த குட்டி காய்வதற்குள் பனி இறங்கும், மறுநாள் சளியும் காய்ச்சலும். வெயில் ஏறிய முற்பகல்தான் நல்ல நேரம். அதற்கு முன் வயிறார இரையும் தண்ணீரும் கொடுத்துவிட வேண்டும், தாகத்தோடு நிற்கும் குட்டி மருந்து நீரைக் குடித்துவிடும். திறந்த புண் மீது தெளிக்க வேண்டாம், தலையை மருந்து நீரில் முக்கவும் வேண்டாம். முகத்துக்குத் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். மிச்ச நீரைக் குளத்திலோ ஓடையிலோ கொட்டினால் மீன் செத்து மிதக்கும்.

உதட்டில் பக்கு

வாய் ஓரத்திலும் உதட்டிலும் கறுத்துத் தடித்த பக்கு கட்டினால் அது பெரும்பாலும் வைரஸால் வரும் வாய் அம்மை. சிற்றுண்ணிச் சொறி அல்ல. பக்கைப் பிய்த்தெடுத்து உப்பை வைத்துத் தேய்ப்பது கொடுமை. புண் ஆழமாகும், உதிர்ந்த பக்கில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பொதுவாக மூன்று நான்கு வாரத்தில் தானே ஆறும் நோய் இது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பாகக் கரைத்துக் கழுவி, போரிக் அமிலம் கலந்த கிளிசரினைத் தடவினால் வலி குறையும். குட்டி சாவது புண்ணால் அல்ல, வாய் வலித்துப் பால் குடிக்காததால். ஆகவே பாலைக் கறந்து புட்டியில் கொடுப்பதுதான் இங்கே முதல் மருந்து. தாயின் காம்பையும் பாருங்கள். குட்டியின் வாயிலிருந்து அங்கே தொற்றினால், வலி பொறுக்காமல் தாய் உதைக்கும், மடிவீக்கமும் வரலாம். உங்கள் விரலிலும் தொற்றும், கையுறை இல்லாமல் தொட வேண்டாம். படர்தாமரையும் அப்படித்தான்: குட்டியைக் கொஞ்சித் தூக்கிக்கொண்டு திரியும் பிள்ளைகளின் கன்னத்திலும் கையிலும் வட்டம் விழும்.

தொடக்கத்தில் சொன்ன அவகாசக் கணக்கு இரண்டு நோய்களுக்குப் பொருந்தாது. காய்ச்சலோடு வாலடி, தொடை இடுக்கு, காது ஆகிய முடியில்லாத இடங்களில் கொப்புளமோ கட்டியோ கிளம்பினால் ஆட்டம்மை. வாய்ப்புண்ணோடு துர்நாற்றம், மூக்கொழுக்கு, கழிச்சல் சேர்ந்தால் ஆட்டுக்கொல்லி நோய். இரண்டும் குட்டிகளை வேகமாகக் கொண்டுபோகும். அம்மைக்கு வேப்பிலை கட்டுவதால் கெடுதல் இல்லை. வேப்பிலையைக் கட்டிவிட்டு மற்ற ஆடுகளோடு மேயவிடுவதால்தான் கெடுதல். அன்றே தனியாகக் கட்டிவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு, நோய் வருவதற்கு முன் போட்டால்.

தாயும் பஞ்சாரமும்

சொறி வந்த குட்டிக்கு மட்டும் மருந்து போட்டு, அதே தாயிடம் விட்டு, குட்டிகளை மூடிவைக்கும் கூடையான அதே பஞ்சாரத்தில் அடைத்தால் ஒரு மாதத்தில் மறுபடி சொறி. குட்டிக்கு அது பெரும்பாலும் தாயிடமிருந்துதான் வந்திருக்கும். மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து கொடுக்க வேண்டும், நோய் தெரியாத ஆடுகளுக்கும் சேர்த்து. பஞ்சாரத்தை நல்ல வெயிலில் கவிழ்த்துப் பல நாள் காயப்போடுங்கள். தரையில் கிடக்கும் பழைய வைக்கோலையும் புழுக்கையையும் வாரிக் கொட்டிவிட்டுச் சுவரின் அடிப்பகுதிக்கும் தூண்களுக்கும் சுண்ணாம்பு அடியுங்கள். ஆடு உரசும் தூணில்தான் படர்தாமரைப் பூஞ்சை ஒட்டிக்கொண்டிருக்கும்.

எட்டயபுரம், செஞ்சி மாதிரிச் சந்தைகளில் வாங்கிவரும் குட்டியை அன்றிரவே பட்டியில் அடைக்காமல் மூன்று வாரமாவது தனியே வைத்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி வராது. சொறி பிடித்ததை விற்றுத் தலைமுழுகுவோம் என்று சந்தைக்கு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதை வாங்குபவரின் பட்டி நாசமாகும். ஊசி போட்டதாக இருந்தால் இறைச்சியிலும் மருந்து வாரக்கணக்கில் தங்கியிருக்கும். பக்ரீத், தீபாவளி நெருங்கும்போது இதை யாரும் யோசிப்பதில்லை. எத்தனை நாள் கழித்து விற்கலாம், தாயின் பாலை எப்போது எடுக்கலாம் என்று ஊசி போடும்போதே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, போட்ட தேதியைக் கொட்டில் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். இரண்டாவது ஊசிக்கான நாளும் அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.