பூனைக்குட்டிக்குக் கருத்தடை ஆபரேஷன்: ‘பாவம்’ பார்த்து நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டுச் சுண்டுவுக்கு ஆபரேஷன் நாள். காலை ஏழு மணி. எட்டரைக்குள் டாக்டரிடம் இருக்க வேண்டும். சமையலறையில் அம்மா மீனில் முள் எடுத்துக் கிண்ணத்தில் பிசைந்துகொண்டிருந்தார். "பாவம்டி, விடிஞ்சதிலேர்ந்து கத்துது. ஒரு வாய் தின்னுட்டுப் போகட்டுமே" என்றார். கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தபோது எனக்கே மனசு கேட்கவில்லை.

அந்த ‘பாவம்’ அடுத்து வந்த நாட்களில் எங்கள் வீட்டில் பலமுறை கேட்டது. ஒரு முறை நானே அதற்கு இடம்கொடுத்தேன். அதனால் சுண்டு பட்ட கஷ்டத்தைக் கீழே சொல்கிறேன். பூனை வளர்ப்பவர்கள் அக்கறையில்லாமல் தவறு செய்வது குறைவு. பாசத்தில், பொறுக்கமாட்டாமல் செய்வதுதான் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"இன்னும் குட்டிதானே"

முதல் தவறு நாள் கடத்துவது. பெட்டைக் குட்டி நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். உள்ளங்கையில் அடங்கிய ஞாபகத்தில் நாம் இருக்கும்போதே அது தரையில் புரண்டு, வாலை ஒதுக்கி, ராத்திரியெல்லாம் குழந்தை அழுவதுபோலக் கத்தத் தொடங்கும். வயிற்றுவலி என்று நினைத்து மருந்து தேடுபவர்கள் உண்டு. வெயில் வருடம் முழுவதும் அடிக்கும் நம் ஊரில் பூனைக்கு இன்ன மாதம்தான் பருவம் என்று கிடையாது. இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மறுபடி வரும். சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம்தான். கூடப் பிறந்த கடுவன் குட்டி வீட்டிலேயே இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அண்ணன் தங்கை என்ற கணக்கெல்லாம் பூனைக்குக் கிடையாது.

"ஒரு தடவையாவது குட்டி போடட்டும், அதுதான் உடம்புக்கு நல்லது" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. 2005-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை செய்த பூனைகளுக்கு மடிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைவாக இருந்தது. கர்ப்பப்பையில் சீழ் கட்டும் ஆபத்தும் ஆபரேஷனோடு போய்விடும். ஐந்து மாதம் முடிவதற்குள் செய்துவிடுங்கள் என்று இப்போது டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். கத்தலை அடக்க ஹார்மோன் மாத்திரை கொடுத்து ஒப்பேற்றுவது வேண்டாம். அதுவே கர்ப்பப்பைச் சீழுக்கும், மடிக் கட்டிக்கும், சர்க்கரை நோய்க்கும் வழி விடும்.

பருவத்தில் இருக்கும்போது டாக்டரிடம் சொல்லாமல் கூட்டிப்போவதும் தவறு. அந்த நாட்களில் கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் கூடியிருக்கும். சில டாக்டர்கள் செய்வார்கள், சிலர் அது அடங்கட்டும் என்பார்கள். முடிவு அவர்களுடையது. ஆனால் தகவல் நம்மிடமிருந்துதான் போக வேண்டும்.

போவதற்கு முன்

தடுப்பூசி போடாத குட்டியை நேராக ஆபரேஷனுக்குத் தூக்கிப்போகாதீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயோடு வந்த பூனையும் உட்கார்ந்திருக்கும். பூனைகளின் பார்வோ என்று சொல்லப்படும் பேன்லூக்கோபீனியா, குட்டிகளை ஓரிரு நாளில் கொண்டுபோய்விடும் நோய். அதைத் தடுக்கும் ட்ரைகேட் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வார இடைவெளியில் 16 வாரம் வரை போடுவார்கள். அது முடிந்து எத்தனை நாள் கழித்து ஆபரேஷன் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தும்மல், கண்ணில் நீர், வயிற்றுப்போக்கு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகாது. ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் செலவைப் பார்த்துத் தட்டிக்கழிக்காதீர்கள்.

தேதி குறிக்கும்போது காலண்டரையும் பாருங்கள். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் ஆபரேஷன் செய்தால், தையல் ஆறாத வயிற்றோடு குட்டி வெடிச் சத்தத்துக்குப் பயந்து பீரோ மேல் பாயும். வீட்டில் ஆள் இருக்கும் வாரமாகப் பாருங்கள். முதல் இரண்டு நாளாவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

அப்புறம் கூடை. துணிப்பையிலோ அட்டைப்பெட்டியிலோ வைத்து ஆட்டோவில் போனால், ஒரு ஹாரன் சத்தத்தில் பூனை ரோட்டில் நிற்கும். மூடி போட்ட கூடை கட்டாயம். ஒரு வாரம் முன்பே அதை நடுவீட்டில் திறந்து வையுங்கள், உள்ளே அது படுத்த பழைய துணியைப் போடுங்கள். சுண்டு மூன்றாம் நாளே அதில் தூங்கப் பழகிவிட்டது.

பட்டினி எவ்வளவு நேரம்?

இதில்தான் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பாவம் பார்த்துத் தின்னக் கொடுப்பது ஒன்று. நம் நாட்டில் மயக்கத்துக்கு அதிகம் பயன்படும் ஜைலசின் என்ற மருந்து பூனைக்கு வாந்தியைக் கிளப்பும். வயிற்றில் சோறு இருந்து, அரை மயக்கத்தில் வாந்தி வந்தால், அது மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலைக் கெடுக்கும். உயிரே போகலாம்.

இன்னொரு தவறு, "வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க" என்று முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே கிண்ணத்தை எடுத்துவிடுவது. வளர்ந்த பூனைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் என்று சொல்லப்படும் கணக்கு குட்டிக்குப் பொருந்தாது. சின்ன உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. நீண்ட பட்டினியில் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும், உடம்பும் சில்லிட்டுப்போகும். நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இரண்டு முதல் நாலு மணி நேரமே போதும் என்பார்கள். உங்கள் குட்டியின் வயதையும் எடையையும் சொல்லி, "கடைசிச் சாப்பாடு எத்தனை மணிக்கு? தண்ணீர் எத்தனை மணி வரை?" என்று நேரம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏமாந்து ஏதாவது தின்றுவிட்டால் போனதும் அதைச் சொல்லிவிடுங்கள். திட்டு வாங்குவோமே என்று மறைக்கவே கூடாது.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி

கூடையைத் திறந்ததும் பயந்துபோவீர்கள். கண் திறந்திருக்கும், ஆனால் பார்வை நம்மீது நிற்காது. கண் ஓரத்தில் வெள்ளைத் திரை தெரியும். தலை இப்படியும் அப்படியும் ஆடும், நடந்தால் குடித்தவர்போலத் தள்ளாடும். மருந்து இறங்கும்வரை அப்படித்தான். அந்த நேரத்தில் பாசத்தோடு கட்டிலில் நம் பக்கத்தில் படுக்கவைப்பது தவறு. கட்டில் உயரத்திலிருந்து விழுந்தாலும் தையல் பிரியும். தரையில், ஒரு மூலையில், காற்று நேராக அடிக்காத இடத்தில் படுக்கை போடுங்கள். கட்டிலுக்கு அடியில் நுழைந்து எட்டாத மூலைக்குப் போய்விடாமல் அட்டை வைத்து அடைத்துவிடுங்கள்.

மயக்கத்தில் பூனையால் உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. நமக்குப் புழுங்குகிறதே என்று ஏசி போடாதீர்கள். சுடுதண்ணீர் பாட்டில் வைப்பதாக இருந்தால் துண்டில் நன்றாகச் சுற்றி, உடம்பில் ஒட்டாமல் பக்கத்தில் வையுங்கள். சுட்டாலும் நகரத் தெம்பில்லாத நேரம் அது.

முழுதாக விழித்து, நிமிர்ந்து உட்கார்ந்த பிறகே தண்ணீர். அதற்கப்புறம் வழக்கமான சாப்பாட்டில் கால் பங்கு. உப்பும் வெங்காயமும் சேராத வேகவைத்த கோழி நல்லது. பால் வேண்டாம். பூனைக்குப் பால் என்று நாம் சின்ன வயதிலிருந்து பழகியிருந்தாலும், பெரும்பாலான பூனைகளுக்கு அது செரிக்காது. தையல் போட்ட வயிற்றோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் அது தாங்காது.

நம் மருந்துப் பெட்டியும் சமையலறையும்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நீங்கள் ஞாபகம் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். பூனைக்கு பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். வலிக்கிறதே, கால் மாத்திரைதானே என்று நினைக்க வேண்டாம். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகமிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறி, முகம் வீங்கி, மூச்சுத் திணறிச் சாகும். ஒரே மாத்திரை போதும். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. கிளம்பும் முன்பே "வலிக்கு மருந்து உண்டா, எத்தனை நாள், எவ்வளவு அளவு?" என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையை வறட்டு வாயில் போட்டு விட்டுவிடாமல், பின்னாலேயே ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். இல்லையென்றால் தொண்டையில் ஒட்டிப் புண்ணாக்கும்.

தையலில் மஞ்சள், தேங்காயெண்ணெய், டெட்டால் எதையும் தடவாதீர்கள். டெட்டால் பூனைக்கு விஷம். எதைத் தடவினாலும் அது நக்கத் தூண்டும். வீடு துடைக்கும் ஃபினாயிலும் விஷம்தான், ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கும். அந்த இரண்டு வாரம் வெறும் தண்ணீரால் துடையுங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு தொல்லை எறும்பு. சாப்பாட்டுக் கிண்ணத்துக்கும், சில நேரம் தையலுக்குமே வரும். உடனே எறும்புச் சாக்பீஸால் படுக்கையைச் சுற்றிக் கோடு போட்டுவிடாதீர்கள். அதிலிருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து பூனைக்கு வலிப்பு வரவைக்கும். கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள், மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள், படுக்கைத் துணியைத் தினமும் மாற்றுங்கள். மலம் கழிக்கும் தட்டிலும் பொடி மணலுக்குப் பதிலாகக் கிழித்த செய்தித்தாளைப் போடுங்கள். மணல் தையலில் ஒட்டும்.

கழுத்துக் காலர்

இப்போது நான் செய்த தவறு. நாலாம் நாள் ராத்திரி. கழுத்தில் மாட்டிய கூம்புக் காலரோடு சுண்டு சுவரில் இடித்துக்கொண்டு நடந்தது, கிண்ணத்தில் தலை நுழையாமல் பின்னால் பின்னால் போனது. கடைசியில் என் காலடியில் வந்து, காலருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தது. தையலும் காய்ந்திருந்தது. ராத்திரி மட்டும் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று கழற்றினேன். காலையில் துணியில் ரத்தச் சொட்டுகள். இரண்டு தையல் இல்லை. காயத்தின் ஓரம் சிவந்து வாய் திறந்திருந்தது. மறுபடி மயக்க ஊசி, மறுபடி தையல், மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணிக்கை.

பூனையின் நாக்கைக் கையில் உணர்ந்திருப்பீர்கள், உப்புத்தாள் மாதிரி இருக்கும். அந்த முட்கள் இறைச்சியை எலும்பிலிருந்து சுரண்டத் தெரிந்தவை. தையல் நூல் அதற்கு எம்மாத்திரம்? எச்சில் பட்டால் புண் ஆறும் என்பதும் சரியில்லை, வாயிலிருக்கும் கிருமி காயத்துக்குள் போகும். காயம் ஆறத் தொடங்கும்போது ஊறல் எடுக்கும். அதனால் நக்கும் ஆசை முதல் நாளைவிட நாலாம், ஐந்தாம் நாளில்தான் அதிகம். நமக்கு இரக்கம் வருவதும் அதே நாளில்தான்.

காலர் பிடிக்காத குட்டிக்கு வேறு வழி உண்டு. பழைய டீ-சர்ட்டின் கைப்பகுதியை வெட்டி, நாலு கால் நுழைய ஓட்டை போட்டு, உடம்போடு ஒட்டிய சட்டையாக மாட்டலாம். இறுக்கக்கூடாது, பின்பக்கம் நனையாமல் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை சுண்டுவுக்கு அதைத்தான் மாட்டினோம். காலரே மாட்டியிருந்தால், சாப்பிடும்போது மட்டும் எதிரில் உட்கார்ந்து கழற்றி, கிண்ணம் காலியானதும் மாட்டிவிடுங்கள். தாழ்வான அகலத் தட்டு வைத்தால் கழற்றவே வேண்டாம்.

இந்த நாட்களில் குட்டி பழையபடி குதிக்கத் தொடங்கும். பந்து, கயிறு எதையும் காட்டாதீர்கள். பரணுக்கும் ஜன்னலுக்கும் ஏறும் வழியை அடையுங்கள். வெளியே விடவே கூடாது. குளிப்பாட்டுவதும் பத்துப் பதினாலு நாளைக்கு வேண்டாம்.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால், நேற்றுவரை ஒன்றாகப் படுத்தது இன்று சீறும். ஆஸ்பத்திரி வாசனையில் அதற்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். அடிக்காதீர்கள், வலுக்கட்டாயமாகப் பக்கத்தில் வைத்துப் பழக்கவும் வேண்டாம். வேறு அறையில் வைத்து, இரண்டின் படுக்கைத் துணியையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஓரிரு நாளில் சரியாகும்.

எதைப் பார்த்தால் ஓட வேண்டும்

தினமும் காலையும் மாலையும் ஒரே வெளிச்சத்தில் தையலை ஃபோனில் படம் எடுங்கள். நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், டாக்டருக்கும் அனுப்பலாம். காயத்தின் கீழ் சின்னதாக, கெட்டியாக ஒரு தடிப்பு இருப்பது சகஜம். வளர்ந்துகொண்டே போகும் மெத்தென்ற வீக்கம், சீழ், நாற்றம், நிற்காமல் கசியும் ரத்தம் இவை சகஜமல்ல. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்திருந்தால், அதோடு சோர்ந்து கிடந்தால், உள்ளே ரத்தம் கசியலாம். அது ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும் அப்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள். வாந்தி நிற்காவிட்டாலும், மறுநாளும் ஒரு வாய்கூடத் தின்னாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். மலம் மட்டும் ஒன்றிரண்டு நாள் தாமதமாகலாம்.

பூனை வலித்தால் கத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, இருட்டு மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தால் அதற்கு வலிக்கிறது என்று அர்த்தம்.

தையல் பிரிக்க வேண்டியதா, தானாகக் கரைவதா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். பிரிக்க வேண்டியது என்றால் பத்து முதல் பதினாலு நாளில் டாக்டரே பிரிப்பார். வீட்டுக் கத்தரிக்கோல் வேண்டாம். அதன்பின் சாப்பாட்டு அளவையும் கொஞ்சம் குறைக்கச் சொல்வார், ஏனென்றால் ஆபரேஷனுக்குப் பிறகு பூனையின் உடம்புக்குத் தேவையான சக்தி குறையும், ஆனால் பசி கூடும்.

சுண்டுவுக்குத் தையல் பிரித்த அன்று, ஊசி போட்ட ஓட்டைகள் மூடட்டும் என்று இன்னும் ஒரு நாள் சட்டையை விட்டுவைத்தோம். மறுநாள் மத்தியானம் அம்மாதான் கழற்றினார். ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து, ரோமம் குத்துக்குத்தாக முளைத்திருந்த வயிற்றை அது அரை மணி நேரம் நிறுத்தாமல் நக்கியது. யாரும் தடுக்கவில்லை.