டெத் நோட்டை வீட்டுப் பிள்ளைங்களோட உக்காந்து பாக்குறது எப்படி

டெத் நோட்டுங்கிறது ஒரு ஜப்பான் அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர்; பேர எழுதுனா ஆளு செத்துப் போற ஒரு நோட்டு லைட்டுங்கிற ஸ்கூல் பையன் கையில கிடைக்குது, அதுதான் கதை. அக்கா மகன் பிளஸ் டூ முடிச்சுட்டு லீவுக்கு செல்லூர்ல நம்ம வீட்டுக்கு வந்திருந்தான், வந்த அன்னைக்கே கேட்டான், "மாமா, லைட் பண்ணது சரிதானே, கெட்டவய்ங்களத்தானே கொன்னான்"னு. நான் உடனே பதில் சொல்லல, முதல்ல இருந்து ஒண்ணா பாப்போம் வாடான்னு சொல்லிட்டேன். மொத்தம் 37 எபிசோடு, ஒரு நாளைக்கு நாலு பாத்தா பத்து நாள்ல முடிஞ்சிரும். அப்படி பாத்ததுல எனக்குப் புரிஞ்ச முறையத்தான் இங்க எழுதுறேன். கதை முழுக்க வெளிய வந்துரும், அதனால பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க. ரொம்ப சின்னப் பிள்ளைங்களுக்கு இது வேணாம், பத்தாவது படிக்கிற வயசாவது ஆகியிருக்கணும்.

முதல் வேலை, யாரு ஹீரோ யாரு வில்லன்ங்கிற பேச்சையே ஆரம்பத்துல எடுக்காதீங்க. எடுத்தா ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்டைதான் நடக்கும். ஒரு ரஃப் நோட்டு எடுத்து நடுவுல ஸ்கேல் வச்சு கோடு போடுங்க, இந்தப் பக்கம் செத்தவன் பேரு, அந்தப் பக்கம் "அவன்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா?" அவ்வளவுதான். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரி.

முதல் எபிசோடுல பாஸ் பண்ண ஒரு இடம் இருக்கு. நர்சரி ஸ்கூல்ல பிள்ளைங்களப் பிடிச்சு வச்சிருக்கவன் பேர டிவியில பாத்து லைட் எழுதுறான். சாவுக்குக் காரணம் எழுதலைன்னா 40 செகண்டுல ஹார்ட் அட்டாக், அதுதான் நோட்டோட விதி. அங்க நிறுத்திட்டு போன்ல 40 செகண்டு டைமர் போட்டு யாரும் பேசாம உக்காருங்க. நாங்க உக்காந்தோம், ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு, பையன் ரிமோட்ட ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிருந்தான். டைமர் அடிச்சதும் அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், இந்த நேரத்துக்குள்ள டிவிக்காரன் பேரத் தப்பா போட்டிருந்தான்னா யாருடா திருத்துறதுன்னு. அதுக்கடுத்து ரெண்டாவது ஆளு, ஒரு பொண்ண ரோட்டுல வம்பிழுக்கிற பைக்குக்காரன். அவன் கொலைகாரன் இல்ல. நோட்டு நிஜமா வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்ணிப் பாக்கத்தான் அவன் பேர எழுதுறான் லைட். இத பிள்ளைங்க கவனிக்காமலே தாண்டிப் போயிருவாங்க, விடாதீங்க.

நம்ம ஊரு ஆளுங்களுக்குச் சுருக்கா புரிய வைக்கணும்னா அழகர் கோவில் பதினெட்டாம்படி கருப்பச் சொல்லுங்க. வழக்கு தீராதப்ப ரெண்டு தரப்பும் அங்கிட்டுப் போய் சந்தனம் பூசுன அந்தக் கதவு முன்னாடி நின்னு சத்தியம் பண்ணுவாங்க, குற்றம் சாட்டப்பட்டவனும் நின்னு வாயத் தொறப்பான். கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோவில்ல காசு வெட்டிப் போடுறதும் பாத்திருப்பீங்க, வயிறு எரிஞ்சு போய் வெட்டுறவங்க கூட, தண்டனைய ஆத்தா கையில விட்டுட்டு வீட்டுக்கு வந்துருவாங்க. லைட் அப்படி இல்ல, புகார் குடுக்குறவனும் அவனே, தீர்ப்பு சொல்றவனும் அவனே, கொல்றவனும் அவனேதான், அதுக்கு மேல நான்தான் புது உலகத்துக்குக் கடவுள்ங்கிறான்.

லைட்டத் தேடிப் பிடிக்க வர்ற டிடெக்டிவ் பேரு எல், அவன் பக்கமும் சும்மா விடக் கூடாது. ரெண்டாவது எபிசோடுல தூக்குத் தண்டனைக் கைதி ஒருத்தன தன் இடத்துல டிவியில உக்கார வச்சு, லைட் கையாலயே அவனக் கொல்ல வைக்கிறான், கொலைகாரன் ஜப்பான்ல கான்டோ பகுதியில இருக்கான்னு அதுலதான் கண்டுபிடிக்கிறான். மூளை பிரமாதம், ஆனா அந்தக் கைதி பேரும் நம்ம ரஃப் நோட்டுல வரணும். பின்னாடி லைட்டுக்குத் துணையா இருக்க மிசாங்கிற பொண்ணக் கண்ணக் கட்டி வாரக்கணக்கா அடைச்சு வைக்கிறதும் அவன்தான். எனக்குத் தோக்கப் பிடிக்காதுன்னு எல்லே வாய் விட்டுச் சொல்றான் பாருங்க, அதையும் குறிச்சுக்கோங்க.

ஏழாவது எபிசோடு நவோமி மிசோரா. எஃப்பிஐல வேலை பாத்த பொம்பளை, அவ கட்டிக்கப் போறவன ஏற்கனவே லைட் கொன்னுட்டான், அவ ஒரு குற்றமும் பண்ணல. பனியில நடந்து போய்க்கிட்டே பேசிப் பேசி அவ நிஜப் பேர வாங்குறான். பையன் அதுக்குப் பிறகு லைட் சரின்னு ஒரு தடவை கூட சொல்லல, நானும் அந்தப் பேச்ச எடுக்கல. இந்த இடத்துல பெரியவங்க விளக்கம் குடுக்காம இருக்கிறதுதான் நல்லது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி 17வது எபிசோடுல இருந்து 24 வரைக்கும். நோட்ட விட்டுக் குடுத்ததும் லைட்டுக்கு எல்லாம் மறந்துருது, மறந்தவன் அவ்வளவு நல்ல பையனா இருக்கான், அடுத்தவங்க மனச வச்சு வேலை வாங்குறது தப்புன்னு அவனே சொல்றான், எல் கூட சேந்து அதே கொலைகாரனத் தேடுறான். 24ல நோட்டத் திரும்பத் தொட்டதும் முகம் மாறுது. இங்க ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைங்க. கூடவே அவங்கப்பா சோய்ச்சிரோவ ஞாபகப்படுத்துங்க, ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அந்த மனுசன் சொல்வாரு, மனுசனக் கொல்ற அந்த சக்திதான் கெட்டது, அது கையில கிடைச்சவன் சபிக்கப்பட்டவன்னு. பெத்த பையன்தான் கொலைகாரன்னு தெரியாமலே சொல்றாரு. மகனச் சந்தேகத்துல அடைச்சப்ப தன்னையும் ஒரு செல்லுல வச்சுப் பூட்டச் சொன்னவரு அவரு. என்னக் கேட்டா இந்தக் கதையில கும்பிடத் தகுந்த ஆளு அவரு ஒருத்தருதான்.

எல் செத்த பிறகு வர்ற பகுதிய வேகமா பாத்துட்டுப் போகலாம், பழைய பிடிமானம் அதுல இல்ல. ஆனா கடைசி எபிசோடுல லைட் பேசுற பேச்ச முழுசா கேக்க விடுங்க, உலகத்துல குற்றம் 70 சதவீதம் குறைஞ்சிருச்சு, போரே நின்னு போச்சுங்கிறான். கணக்கு அவன் பக்கம் நல்லாவே இருக்கும், அப்ப ரஃப் நோட்டத் தொறந்து ரெண்டாவது பக்கத்தப் பாக்கச் சொல்லுங்க, ஒரு இடத்துல கூட "கேட்டாங்க"ன்னு இருக்காது.

முடிஞ்சா இந்தத் தொடருக்கு மூலமான ஜப்பான் காமிக்ஸ், அதான் 12 வால்யூம் மாங்கா, அதுல கடைசி வால்யூமையும் படிக்கக் குடுங்க. அனிமேல லைட் படிக்கட்டுல அமைதியா சாயுறான், பாக்குறவனுக்குப் பாவமா இருக்கும். மாங்காவுல அப்படி இல்ல, சாக மாட்டேன் சாக மாட்டேன்னு நோட்டுக்குச் சொந்தக்காரனான சாவு தெய்வம் ரியூக்கப் பாத்துக் கதறுறான். பையன் அந்தப் பக்கத்த ரெண்டு தடவை படிச்சான், புக்க மூடாம கவுத்தி வச்சுட்டு அடுப்படிக்குப் போய் தண்ணி குடிச்சுட்டு வந்து, "இவன் கொன்ன அத்தன பேரும் இப்படித்தான கத்தியிருப்பாய்ங்க மாமா"ன்னு கேட்டான்.