ஆஷ் இலை மேப்பிளை அடியோடு நீக்குவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய எங்கள் லெனேசியாப் பக்கம் சீக்கிரம் நிழல் வேண்டும் என்று வைத்த மரங்களில் இதுவும் ஒன்று. சொந்த ஊர் வட அமெரிக்கா. உறைபனி தாங்கும், மளமளவென்று வளரும். தொல்லையே அதுதான்.

முதலில் மரம் அதுதானா என்று பாருங்கள். மேப்பிள் என்றதும் கனடாக் கொடியில் இருக்கும் இலையைத் தேடாதீர்கள். இதில் ஒரே காம்பில் மூன்று முதல் ஏழு சிற்றிலை வரை இருக்கும். இளங்கன்றைப் பார்த்தால் நொச்சி என்றே நினைப்பீர்கள். இலைகள் எதிரெதிராக இருக்கும். இளங்கிளை பச்சையாக, சில சமயம் வெள்ளைப் பொடி பூசினாற்போல் இருக்கும்; விரலால் தேய்த்தால் போய்விடும். மலைவேம்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதன் இலைகள் மாறி மாறி வரும்.

ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இறக்கை வைத்த விதைகள் ஜோடி ஜோடியாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் அது பெண். இலை உதிர்ந்த பிறகும் குளிர்காலம் முழுக்க அப்படியே தொங்கும். காற்றிலும் தண்ணீரிலும் போகும். குதிரை வைத்திருப்பவர்கள் கவனம், அந்த விதை குதிரைக்கு விஷம்.

இந்நாட்டுச் சட்டப்படி இது ஆக்கிரமிப்புத் தாவரங்களில் மூன்றாம் பிரிவு. ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொள்ளலாம், புதிதாக நடவோ விற்கவோ கூடாது. ஸ்ப்ரூட் (சின்ன ஓடை) ஓரம், ஆற்றோரம் என்றால் அந்தச் சலுகையும் கிடையாது, கட்டுப்படுத்தியே ஆகவேண்டும். என்னைக் கேட்டால், பெண் மரம் எங்கே இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

கன்றுகளை மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்குங்கள். பெரிய மரத்துக்கு பிப்ரவரி (இங்கே கோடையின் கடைசி) நல்ல மாதம்: விதை இன்னும் பச்சையாக இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில், அதாவது இங்கே வசந்தம் தொடங்கும்போது வெட்டினால், சாறு மேலே பொங்கி, கட்டையில் தடவும் களைக்கொல்லி மருந்தை வெளியே தள்ளிவிடும். தரையோடு தரையாக அறுங்கள், மரத்தூளைத் துடையுங்கள், அறுத்த கையோடு களைக்கொல்லியை பிரஷ்ஷால் தடவுங்கள். நடுக்கட்டைக்கு வேண்டாம், அங்கே உயிர் இல்லை. பட்டைக்கு உட்புறம் ஈரமாகத் தெரியும் வளையம்தான் முக்கியம். கையுறை போடுங்கள், கலவை அளவு லேபிளில் உள்ளபடி. தண்ணீர் ஓரம் என்றால், அங்கே பயன்படுத்தலாம் என்று லேபிளில் போட்டிருக்கும் மருந்தாக வாங்குங்கள்.

மருந்து போடாமல் விட்டால் கட்டையிலிருந்து பத்துக் கிளை கிளம்பும். போட்டாலும் அடுத்த கோடையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

அப்புறம் நிழலுக்கு? கரீ வையுங்கள், இல்லை வெள்ளை ஸ்டிங்க்வுட். இரண்டும் இந்த மண்ணின் மரங்கள், ஹைவெல்ட் என்னும் இந்த மேட்டுநிலத்தின் குளிருக்குப் பழகியவை.